நெஞ்சுவலி என்றால் யார் நம்புவது?

பெரிய மனிதர் ஒருவர் கைது என்று டிவியில் செய்தி ஓடினால், அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று டீக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியும். நெஞ்சுவலி. அப்புறம் ஸ்ட்ரெச்சர், ஐசியு வாசலில் தொண்டர்கள், பொழுது சாய்வதற்குள் நாலைந்து மீம். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்த ஜோக்குக்கு விலை கொடுப்பவர் அந்தப் பெரிய மனிதர் அல்ல. அவருக்கு எப்படியும் ஈசிஜி எடுத்துவிடுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நிஜமாகவே மார்பைப் பிடித்துக்கொண்டு கம்பிக் கதவைத் தட்டுகிறாரே, பேர் தெரியாத ஒரு விசாரணைக் கைதி, அவர்தான் கொடுக்கிறார். அவர் சொல்வதைக் கேட்கும் முதல் ஆள் டாக்டர் இல்லை. இரவுப் பணியில் இருக்கும் காவலர். நிஜமா நடிப்பா என்று முதலில் முடிவு செய்ய வேண்டியவரும் அவர்தான்.

சிறையில் மருத்துவம் என்றதும் மருந்து இருக்கிறதா, டாக்டர் இருக்கிறாரா என்றுதான் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி, நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது. வெளியில் இருக்கும் நமக்கு வயிறு எரிந்தால் ஜெலுசில், காய்ச்சல் என்றால் தெருமுனை மெடிக்கல் ஷாப், பயமாக இருந்தால் 108. ஒரு டாக்டர் சரியில்லை என்றால் இன்னொருவர். இதற்கெல்லாம் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. உள்ளே போனவருக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு கோரிக்கை ஆகிவிடுகிறது. அதனால்தான் சட்டம் அந்தப் பொறுப்பை மொத்தமாக அரசின் தலையில் வைக்கிறது. ஒருவர் தானே போய் மருந்து வாங்க முடியாதபடி பூட்டி வைத்தவர் யாரோ, மருந்து கொடுக்க வேண்டியவரும் அவரே.

சென்னைக்கு இதில் ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. பழைய மத்திய சிறை எங்கே இருந்தது என்று இன்றைய கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அருகில், பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு பொது மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே. 1837இல் கட்டிய சிறை அது. கொசு, சாக்கடை, நெரிசல் என்று அதற்கு எத்தனையோ கெட்ட பெயர் இருந்தாலும் ஒரு வசதி இருந்தது: உயிருக்கு ஆபத்து என்றால் நாட்டின் பழைய பெரிய மருத்துவமனைகளில் ஒன்று கூப்பிடு தூரத்தில். 2006இல் சிறை புழலுக்குப் போனது. 2009இல் பழைய கட்டடத்தை இடித்தார்கள். அந்த இடம் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய், இன்று அங்கே எம்பிபிஎஸ் மாணவர்கள் படிக்கிறார்கள். சிறை இருந்த மண்ணில் மருத்துவம் வந்தது. சிறையோ பெரியாஸ்பத்திரியை விட்டுத் தள்ளிப் போனது.

புழல் வளாகம் பெரியது, 200 ஏக்கருக்கு மேல். தண்டனைக் கைதிகளுக்கு ஒரு சிறை, விசாரணைக் கைதிகளுக்கு ஒரு சிறை, பெண்களுக்குத் தனிச்சிறை. (அரசு ஆவணங்களில் இப்போது 'சிறைவாசி' என்றுதான் எழுதுகிறார்கள். நல்ல சொல்தான். வெளியில் இன்னும் யாரும் அப்படிப் பேசி நான் கேட்கவில்லை, அதனால் இங்கே கைதி என்றே எழுதுகிறேன்.) உள்ளேயே மருத்துவமனை உண்டு. அங்கே முடியாததற்கு ஸ்டான்லி அல்லது பெரியாஸ்பத்திரி. ஸ்டான்லிக்குப் போக மூலக்கடை, வியாசர்பாடி நெரிசலைத் தாண்ட வேண்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகம் இல்லை. 1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டமே, உள்ளே வரும் ஒவ்வொருவரின் உடல்நிலையையும் உடலில் உள்ள காயங்களையும் மருத்துவ அதிகாரி பார்த்துப் பதிவேட்டில் எழுத வைக்க வேண்டும் என்கிறது. ஒவ்வொரு சிறையிலும் மருத்துவமனையோ நோயாளிகளுக்குத் தகுந்த இடமோ இருக்க வேண்டும் என்கிறது. டாக்டரைப் பார்க்கணும் என்று ஒருவர் கேட்டால், அல்லது கேட்காமலே உடம்பு சரியில்லாதவர்போல் தெரிந்தால், காவலர் தாமதிக்காமல் மேலே சொல்ல வேண்டும் என்கிறது. வெள்ளைக்காரன் எழுதிய சட்டத்தில் 'கேட்காமலே' என்பதற்கும் இடம் இருக்கிறது, கவனியுங்கள். 1996இல் ராமமூர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறைகளின் தீராத குறைகளைப் பட்டியலிட்டபோது உடல்நலப் புறக்கணிப்பும் அதில் இடம்பெற்றது. கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று 2015இல் ஐநா ஏற்ற மண்டேலா விதிகள், வெளியே பொதுமக்களுக்குக் கிடைக்கும் தரத்திலேயே உள்ளேயும் மருத்துவம் வேண்டும் என்கின்றன. மாதிரிச் சிறைக் கையேட்டின்படி 300 பேருக்கு ஒரு டாக்டர். எழுத்தில் எல்லாம் இருக்கிறது.

நடப்பது எப்படி என்று பார்க்க, முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

கைது செய்தவரை நீதிபதி முன் நிறுத்துவதற்கு முன் போலீஸார் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்ச் சான்று வாங்குவார்கள். ரிமாண்டுக்குத் தகுதியானவர் என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் தாளில் கையெழுத்துப் போட டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடம். பக்கத்திலேயே போலீஸ்காரர் நிற்பார். அவர் எதிரில் 'அடிச்சாங்க' என்று எத்தனை பேர் சொல்வார்கள்? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தை, மகன் இருவருக்கும் அந்தச் சான்று கிடைத்தது, ரிமாண்டும் ஆனது, கோவில்பட்டி கிளைச்சிறைக்குப் போனார்கள். அடுத்தடுத்து இருவரும் இறந்தார்கள். டாக்டர், நீதிபதி, சிறைக் காவலர் என்று மூன்று ஜோடிக் கண்கள் பார்த்த பிறகும் அது நடந்தது. உள்ளே வருபவரின் உடம்பைச் சட்டையைக் கழற்றிப் பார்த்து எழுதும் அந்த ஒரு பக்கம் வெறும் சம்பிரதாயம் அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அந்தப் பக்கம் நேர்மையாக எழுதப்பட்டால் அது கைதிக்கும் பாதுகாப்பு, சிறைக்கும் பாதுகாப்பு: காயம் எங்கள் கையில் வந்ததல்ல என்று அவர்கள் காட்ட முடியும்.

புதிதாக வருபவர்களை முதலில் குவாரன்டைன் பிளாக்கில் வைப்பது வழக்கம். கொரோனாவுக்கு வெகுகாலம் முன்பே சிறையில் புழங்கிய சொல் இது. சொறி சிரங்கு, அம்மை, காசநோய் எதையாவது கொண்டுவந்து எல்லோருக்கும் பரப்பிவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். ஆனால் இந்த முதல் நாட்களில் உயிருக்கே ஆபத்தாக முடிவது பெரும்பாலும் தொற்று அல்ல, குடி.

தினமும் குவார்ட்டர், ஆஃப் என்று பல வருஷம் குடித்தவர் திடீரென்று ஒரு சொட்டும் இல்லாமல் உட்கார்ந்தால் உடம்பு சும்மா இருக்காது. முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. ஒன்றிரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும்: சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், செத்துப்போன அம்மாவிடம் பேசுவார், எழுந்து ஓடுவார், எதிர்ப்பட்டவரை அடிப்பார். தெரியாதவர் கண்ணுக்கு இது திமிர். கூட இருப்பவர்களுக்குத் தொல்லை. காவலருக்கு ஒழுங்குமீறல். டாக்டருக்கு மட்டும்தான் இது அவசர சிகிச்சை: டயசெபாம் அல்லது லோராசெபாம், தையமின் ஊசி, தண்ணீர்ச்சத்து, பக்கத்தில் ஆள். கவனிக்காமல் விட்டால் செத்தும் போகலாம். மருந்து ஒன்றும் அபூர்வமானதல்ல, விலையும் அதிகமில்லை. வேண்டியதெல்லாம், அட்மிஷன் அன்று 'கடைசியா எப்போ குடிச்சே, எவ்வளவு?' என்று ஒரு கேள்வி. அதட்டலாக இல்லாமல் கேட்டால் உண்மையான பதில் வரும். வேறு சிகிச்சைகளில் இவ்வளவு மலிவாக உயிரைக் காப்பாற்றும் கேள்வி ஒன்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து சர்க்கரை. சென்னையில் நாற்பதைத் தாண்டியவர்களில் யாருக்கு இல்லை? உள்ளே போனாலும் சர்க்கரை கூடவே வரும். இன்சுலின் குளிர்ச்சியில் இருக்க வேண்டும், ஊசியைக் கைதி கையில் கொடுக்க முடியாது, ஆகவே ஒவ்வொரு வேளையும் அவர் மருத்துவமனைப் பிளாக்குக்கு நடந்து போக வேண்டும். சரி, போகலாம். சிக்கல் நேரத்தில் இருக்கிறது. சிறையில் இரவுச் சாப்பாடு லாக்கப்புக்கு, அதாவது அறைகளைப் பூட்டும் நேரத்துக்கு, முன்பே வந்துவிடும், வெளிச்சம் இருக்கும்போதே. அதன் பிறகு விடியும்வரை கதவு திறக்காது. சாயங்காலம் போட்ட இன்சுலின் நள்ளிரவைத் தாண்டியும் வேலை செய்யும், வயிற்றிலோ ஒன்றும் இருக்காது. வியர்த்துக் கொட்டி, மயக்கம் வந்து, கை கால் இழுக்கும். வெளியில் இருந்தால் அம்மாவோ மனைவியோ ஒரு ஸ்பூன் சர்க்கரையை வாயில் போட்டிருப்பார்கள். உள்ளே தலையணை ஓரத்தில் நாலு பிஸ்கட் வைத்துக்கொள்ள டாக்டர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், காவலரும் அதை மதித்திருக்க வேண்டும். உணவை மாற்ற, பால், முட்டை, ரொட்டி சேர்க்க சிறை டாக்டருக்கு அதிகாரம் உண்டு. அந்தச் சின்ன அதிகாரத்தைச் சரியாகப் பயன்படுத்துகிற டாக்டர், ஸ்பெஷலிஸ்ட் செய்யாததைச் செய்துவிடுவார்.

அப்புறம் அந்த ராத்திரி இரண்டு மணி. அறைச் சாவி காவலர் இடுப்பில் தொங்குவதில்லை. லாக்கப் ஆன பிறகு திறக்க மேலதிகாரி வர வேண்டும், அதுதான் பாதுகாப்பு விதி. அவர் வந்து, டாக்டரோ கம்பவுண்டரோ பார்த்து, வெளியே அனுப்பணும் என்று முடிவெடுத்து, கூடப் போக ஆள் போட்டு, வண்டி கிளம்பி... மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். இந்த வரிசையில் யாரும் கெட்டவர் இல்லை. எல்லோரும் தங்கள் விதிப்புத்தகப்படிதான் நடந்திருப்பார்கள்.

உள்ளே ஒருவர் இறந்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னை பார்த்திருக்கிறது. நெருக்கடி நிலையின்போது, 1976 பிப்ரவரியில், மத்திய சிறையில் மிசா சட்டத்தில் விசாரணையில்லாமல் அடைக்கப்பட்டிருந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. 1999 நவம்பரில் குண்டர் சட்டத்தில் இருந்த 'பாக்சர்' வடிவேலு இறந்தபோது, சிறை நிர்வாகமே காரணம் என்று கைதிகள் கொதித்தார்கள். கலவரத்தில் துணை ஜெயிலர் ஜெயக்குமார் எரித்துக் கொல்லப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் பலர் செத்தார்கள். உள்ளே நோயாளியை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதில் நம்பிக்கை போய்விட்டால், அது காவலர்களின் உயிருக்கும் ஆபத்து.

இன்று சட்டப்படி, காவலில் ஒருவர் இறந்தால் நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போக வேண்டும். ஆனால் ஒரு சொல்லைப் பற்றி எனக்கு வெகுநாளாக உறுத்தல். 2022இல் நாடு முழுக்கச் சிறைகளில் 1,995 பேர் இறந்தார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் கொடுத்தது. அதில் 1,773 'இயற்கை மரணம்'. நோயும் முதுமையும் அதற்குள் அடக்கம். காசநோய் கண்டுபிடிக்கப்படாமல் செத்தாலும் இயற்கைதான், ஸ்கேனுக்கு மூன்று மாதம் காத்திருந்து செத்தாலும் இயற்கைதான். யாரும் கொல்லவில்லை என்பது உண்மை. காப்பாற்றியிருக்கலாமா என்பது அந்தக் கட்டத்துக்குள் வராத கேள்வி.

ஸ்கேன் என்றதும் வழிக்காவல் நினைவுக்கு வருகிறது. சிறைக்கு வெளியே எந்த மருத்துவமனைக்குப் போவதென்றாலும் கூட ஆயுதப்படைப் போலீஸார் வர வேண்டும். சிறைத்துறை கேட்கும், காவல்துறை ஆள் ஒதுக்க வேண்டும். அன்றைக்கென்று ஊரில் மாநாடு, தலைவர் வருகை, கோயில் திருவிழா எதுவாவது இருந்தால் எல்லோரும் பந்தோபஸ்துக்குப் போய்விடுவார்கள். போலீஸ் வராவிட்டால் வண்டி கிளம்பாது. வண்டி கிளம்பாவிட்டால் இரண்டு மாதத்துக்கு முன் வாங்கிய தேதி போச்சு. அடுத்த தேதிக்கு மறுபடியும் வரிசை. மெரினாவில் ஒரு கூட்டம் நடந்ததால் புழலில் ஒருவரின் கட்டி இரண்டு மாதம் வளர்ந்தது என்று எந்தக் கோப்பிலும் எழுதியிருக்காது. வீடியோவில் டாக்டரைப் பார்க்கும் வசதி இதில் ஓரளவு கைகொடுக்கும். பிரஷர் மாத்திரையைத் தொடர அது போதும். வயிற்றை அழுத்திப் பார்க்க ஒரு கை வேண்டும்.

நகரின் ஓர் அரசு மருத்துவமனை ஓ.பி. வரிசையில் ஒருமுறை இப்படி வந்த ஒருவருக்கு இரண்டு பேர் பின்னால் நின்றேன். ஐம்பது வயதிருக்கும், கையில் விலங்கு, விலங்கின் மேல் துண்டைச் சுற்றியிருந்தார்கள். முன்னால் இருந்த அம்மா குழந்தையை இந்தப் பக்கத் தோளிலிருந்து அந்தப் பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். உள்ளே டாக்டர் 'என்ன பண்ணுது?' என்று கேட்டது போலீஸ்காரரிடம். பதில் சொன்னதும் அவரே. 'மூணு நாளா வயித்து வலிங்க சார்.' நோயாளி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அறை சின்னது, கதவு திறந்தே இருந்தது, எங்களுக்கெல்லாம் கேட்டது. எத்தனை நாளாக மலத்தில் ரத்தம் போகிறது என்று அந்த அறையில் எவர்தான் சொல்வார்? மருத்துவமனைக் கட்டிலோடு சேர்த்து விலங்கு போட்டதை 1995இலேயே உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்திருக்கிறது. விலங்கைவிடப் பெரிய பூட்டு, டாக்டர் முகம் போலீஸ் பக்கம் திரும்பியிருப்பது என்று அன்றைக்குத் தோன்றியது.

உடம்பு மிகவும் மோசம் என்றால் ஜாமீனே கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம். ஜாமீன் கிடைக்காத குற்றங்களிலும் நோயாளிகளுக்கும் பலவீனமானவர்களுக்கும் சட்டம் சலுகை தர இடம் வைத்திருக்கிறது. பணமோசடித் தடுப்புச் சட்டத்தில்கூட அந்த வரி உண்டு. சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான உபாவில் இல்லை. திருச்சி மண்ணில் பிறந்து ஜார்க்கண்டில் வேலை செய்த பாதிரியார் ஸ்டான் சுவாமி 2020 அக்டோபரில் அந்த உபாவில் கைதானபோது வயது 83, பார்க்கின்சன் நோய். டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கும் என்று உறிஞ்சு குழாய் வைத்த கோப்பை கேட்டார். அதற்கே வாரக்கணக்கில் ஆனது. 2021 ஜூலையில் மும்பை மருத்துவமனை ஒன்றில் இறந்தார், கைதியாகவே. சென்னையில், அமைச்சராக இருந்த செந்தில்பாலாஜி 2023இல் இதய அறுவை சிகிச்சைக்குப் பின் புழலில் இருந்தபடி உடல்நிலையைக் காட்டிக் கேட்ட ஜாமீனை உயர் நீதிமன்றம் தரவில்லை. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் தந்தது விசாரணை இழுத்துக்கொண்டே போகும் என்ற காரணத்துக்காக. பேரும் வக்கீல்களும் உள்ளவருக்கே இப்படி என்றால், சின்னத் திருட்டு வழக்கில் ஜாமீன்தாரர் கிடைக்காமல் கிடக்கிறவர் மருத்துவ ஜாமீனைப் பற்றிக் கனவுகூடக் காண மாட்டார்.

பெண்களின் சிறையைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே ஒன்றிரண்டு மட்டும். 2006இல் உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிரசவம் முடிந்தவரை சிறைக்கு வெளியே மருத்துவமனையில் நடக்கட்டும், பிறப்புச் சான்றில் சிறை என்று எழுதாதீர்கள் என்றது. ஆறு வயது வரை பிள்ளை தாயோடு இருக்கலாம். அதாவது தடுப்பூசி அட்டையும் எடை போடும் தராசும் சிறைக்குள்ளும் வேண்டும். தமிழ்நாட்டின் புதுயுகம் திட்டம் நாப்கின் கொடுத்தபோது சிறையில் உள்ள பெண்களையும் சேர்த்துக்கொண்டது. அது நல்ல காரியம்.

மனநலத்துக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல மருத்துவ அமைப்பு வேண்டும் என்கிறது. சென்னையில் 1794இலேயே மனநல மருத்துவமனை தொடங்கிவிட்டது, இன்று கீழ்ப்பாக்கத்தில் இருப்பது அதுதான். ஆனால் முதல் வாரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவரைக் கவனிப்பது எந்த மருத்துவமனையும் அல்ல, பக்கத்துப் பாயில் படுத்திருப்பவர்தான்.

குடும்பத்தார் என்ன செய்யலாம்? புழல் வாசலில் மனு பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரைச் சந்திக்க, காத்திருக்கும் கூட்டத்தில் மஞ்சப்பையில் மாத்திரை அட்டைகளோடு நிற்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். மாத்திரையை மட்டும் நீட்டினால் உள்ளே போகாது. பிரிஸ்கிரிப்ஷன், டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய ஈசிஜி எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் வேண்டும். ரிமாண்ட் அன்றே வக்கீல் மூலம் நீதிபதியிடம் நோயைச் சொல்லி உத்தரவிலேயே எழுத வைப்பது நல்லது. அன்று விட்டுப்போனால், சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் மனு கொடுத்து நகல் வைத்துக்கொள்ளலாம். வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வைத்துத் தரும். வாயால் சொன்னதை எந்தச் சிறையும் மறக்கலாம். சீல் வைத்து வாங்கிய தாளை அவ்வளவு லேசில் மறக்க முடியாது.

கடைசியாக விடுதலை. காசநோய் வெளியில் இருப்பதைவிடச் சிறைக்குள் பல மடங்கு அதிகம்: நெருக்கம், காற்றோட்டக் குறைவு, ஏற்கெனவே மெலிந்த உடம்புகள். கண்டுபிடித்துவிட்டால் மருந்து இலவசம், தினமும், ஆறு மாதம். இந்த விஷயத்தில் சென்னைக்குப் பெருமை ஒன்று உண்டு. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய ஆராய்ச்சி மையம்தான், நோயாளியைச் சானடோரியத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டியதில்லை, வீட்டில் இருந்தபடியே மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் அதே அளவு குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியது. இடம் முக்கியமில்லை, மாத்திரை விட்டுப்போகாமல் இருப்பதுதான் முக்கியம்.

சிறைக்குள் மாத்திரை விட்டுப்போவது அரிது. கம்பவுண்டர் முன்னால் நின்று விழுங்க வேண்டும். விட்டுப்போவது ஜாமீன் கிடைத்த அன்று. உத்தரவு வந்து சேரவே சாயங்காலம் ஆகிவிடும். பெயர் கூப்பிட்டதும் யாருக்கும் நிற்க மனம் இருக்காது. வாசலில் ஒரு கையெழுத்து, வாங்கி வைத்த செல்போன், பெல்ட், சில்லறை எல்லாம் திரும்ப வரும். மாத்திரை அட்டை மருத்துவமனைப் பிளாக்கின் அலமாரியில், இரண்டரை மாதத்துக்கு மிச்சம். ஓ.பி. அந்நேரம் மூடியிருக்கும். தம்பி பைக்கோடு ஜிஎன்டி ரோட்டில் காத்திருப்பான். அந்த மாத்திரையால் ஆரஞ்சு நிறத்தில் போய்க்கொண்டிருந்த சிறுநீர் மறுநாள் காலையில் அப்படிப் போகாததைப் பார்த்து, உடம்பு சரியாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொள்வார்.